கதையைக் கெடுப்பதும் குரல்தான்... தூக்கி நிறுத்துவதும் குரல்தான்! - சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆடியோ புத்தகங்களின் சுவாரஸ்ய உலகம்

கிறிஸ் ஷேன் என்ற எஃப்.பி.ஐ ஏஜென்ட் ஆணா, பெண்ணா?

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்கால்ஸியின் 'லாக் இன்' நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை துருவித் துருவிப் படித்தாலும் இதற்கு விடை கிடைக்காது. 2014-ல் வெளியான அறிவியல் புனைகதை அது. ஒரு கொள்ளைநோய் வருகிறது. லட்சக்கணக்கானவர்களின் உடல் அசைவற்றுப்போகிறது. மூளை மட்டும் விழித்திருக்கிறது. படுக்கையில் கிடந்தபடியே ரோபோ உடல்களை இயக்கி அவர்கள் வெளியுலகில் நடமாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். கிறிஸும் அப்படி ஒருவர். கதையைச் சொல்வதும் கிறிஸ்தான். 'நான்... நான்...' என்றே கதை நகர்வதால், ஆணா பெண்ணா என்ற பேச்சே எழவில்லை.

காகிதத்தில் இது சுலபம். ஆடியோ புத்தகமாக்கும்போது? யாராவது ஒருவர் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்! திறந்த அடுத்த நொடியே ரகசியம் உடைந்துவிடுமே!

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே நாவலை இரண்டு முறை பதிவு செய்தார்கள். ஒன்றை வாசித்தவர் வில் வீட்டன் என்ற நடிகர். இன்னொன்றை வாசித்தவர் ஆம்பர் பென்சன் என்ற நடிகை. வார்த்தைக்கு வார்த்தை ஒரே கதை. ஆனால், எதைக் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்து உங்கள் மனதில் உருவாகும் கிறிஸ் வேறு ஆளாகிவிடுவார். 2018-ல் இதன் அடுத்த பாகமான 'ஹெட் ஆன்' வந்தபோதும் இதே இருவரின் இரண்டு பதிவுகள்தான்.

குடும்பக் கதையோ, காதல் கதையோ என்றால் குரல் கொடுப்பவர் எழுத்தாளர் எழுதியதை நன்றாகச் சொன்னால் போதும். அத்தையின் குரல் எப்படி இருக்கும், போலீஸ்காரரின் குரல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சயின்ஸ் ஃபிக்‌ஷனில் அந்த வசதி கிடையாது. வேற்றுக்கிரகவாசி எப்படிப் பேசும், உணர்ச்சி வந்துவிட்ட இயந்திரம் எப்படித் தயங்கும், இன்னும் பிறக்காத ஊரின் பெயரை எப்படி உச்சரிப்பது... இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை, குரல் கொடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த வகை ஆடியோ புத்தகங்களின் ரசிகர்கள் எழுத்தாளரைப் பற்றிப் பேசும் அளவுக்கு வாசிப்பவரைப் பற்றியும் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள்!

ராக்கி எப்படிப் பேசும்?

ஆங்கில சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆடியோ புத்தகங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பலரும் முதலில் சொல்லும் பெயர் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி'. 'தி மார்ஷியன்' நாவலின் மூலம் உலகப் புகழ்பெற்ற ஆண்டி வியர் எழுதி 2021-ல் வெளிவந்தது. வாசித்தவர் ரே போர்ட்டர். சுமார் 16 மணி நேரம் ஓடும்.

பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும் ரைலண்ட் கிரேஸ், ஒரு விண்கலத்தில் கண்விழிக்கிறார். தன் பெயர்கூட நினைவில் இல்லை. அந்த நெடும்பயணத்தில் அவருக்கு ஒரு துணை கிடைக்கிறது. கண் கிடையாது, முகம் கிடையாது, பாறை போன்ற தோல், ஐந்து கால்கள். அதற்கு கிரேஸ் வைக்கும் பெயர் ராக்கி. அது பேசுவது சொற்களால் அல்ல, இசைச் சுரங்களால்.

அச்சுப் புத்தகத்தில் ராக்கி பேசும் இடங்களில் இசைக்குறிகளை அச்சிட்டிருப்பார்கள். வாசகர் அதைப் பார்த்துவிட்டு, 'ஏதோ இசை போலிருக்கிறது' என்று தாண்டிப் போகலாம். ஆடியோவில் நிஜமாகவே அந்தச் சுரங்கள் ஒலிக்கின்றன. முதலில் வெறும் ஒலி. பிறகு கிரேஸ் ஒவ்வொரு ஒலிக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிறார். கேட்பவரும் அவருடன் சேர்ந்து அந்த மொழிக்குப் பழகுகிறார். ஒரு கட்டத்தில் ரே போர்ட்டர் ராக்கியின் பேச்சைத் தன் குரலிலேயே சொல்லத் தொடங்குகிறார். கேள்வி கேட்கும்போதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் 'கேள்வி' என்று சேர்த்துச் சொல்வது ராக்கியின் வழக்கம். படிக்கும்போது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும் அந்தப் பேச்சு, காதில் விழும்போது மழலை போலப் பிடித்துப்போகிறது.

'இந்தப் புத்தகத்தைப் படிக்காதீர்கள், கேளுங்கள்' என்று ரசிகர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஆடியோ புத்தகங்களுக்காக அமெரிக்காவில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'ஆடி' விருதுகளில், 2022-ம் ஆண்டின் சிறந்த ஆடியோ புத்தகமாக இது தேர்வானது.

இதே ரே போர்ட்டருக்கு இன்னொரு சவாலும் வாய்த்தது. டென்னிஸ் இ. டெய்லரின் 'பாபிவெர்ஸ்' வரிசை நாவல்களில், பாப் என்ற மனிதரின் மனம் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, நகலுக்கு மேல் நகலாகப் பெருகுகிறது. எல்லோரும் பாப்தான். ஆனால், ஒவ்வொரு பாப்பும் கொஞ்சம் வேறு. ஒரே ஆளின் குரலில் ஊரையே பேசவைக்க வேண்டும். யார் எவர் என்ற குழப்பமும் வரக் கூடாது. இந்த வரிசைக்கு ஆடியோ வழியாக எத்தனை ரசிகர்கள் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி... 2020-ல் வந்த நான்காவது பாகம் அச்சுக்கு முன்பே ஆடியோவாக வெளியானது.

குரல் மாறியது... கோபம் வந்தது!

பிடித்த சீரியலில் திடீரென்று 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அதுதான் 'தி மார்ஷியன்' விஷயத்திலும் நடந்தது.

செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மார்க் வாட்னி, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் கதை அது. ஆண்டி வியர் அதைத் தன் இணையதளத்தில் இலவசமாக, தொடராக வெளியிட்டார். பிறகு மின்நூலாக 99 சென்டுக்கு விற்றார். பெரிய பதிப்பகம் அதை அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தது 2014-ல். அதற்கு முன்பே, 2013-லேயே ஆடியோ வந்துவிட்டது. வாசித்தவர் ஆர்.சி.பிரே.

சாகப்போகும் நிலையிலும் நக்கலை விடாத ஆள் வாட்னி. பிரே அந்த நக்கலை வலிந்து செய்யவில்லை. அலுத்துப்போன ஒரு மெக்கானிக் தன் போக்கில் முணுமுணுப்பதைப் போல வாசித்தார். சிரிப்பு தானாக வந்தது. 2015-ல் சிறந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆடியோ புத்தகத்துக்கான 'ஆடி' விருதும் வந்தது. படத்தில் மேட் டேமன் நடித்த பிறகும்கூட, 'எங்களுக்கு வாட்னி என்றால் பிரேயின் குரல்தான்' என்றவர்கள் ஏராளம்.

பிறகு ஒருநாள் அந்தப் பதிவு விற்பனையிலிருந்து மறைந்தது. 2020-ல் புதிய பதிவு வந்தது. வாசித்தவர், 'லாக் இன்' நாவலுக்குக் குரல் கொடுத்த அதே வில் வீட்டன். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். வீட்டன் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் சிறுவனாக நடித்தவர். 'ரெடி பிளேயர் ஒன்' நாவலை அவர் வாசித்த ஆடியோ பெரும் வெற்றி. அந்த நாவலில் வில் வீட்டன் என்ற பெயரே ஓரிடத்தில் வரும். தன் பெயரைத் தானே வாசித்த அதிர்ஷ்டசாலி! ஆனாலும், முதலில் பிரேயைக் கேட்டவர்களால் வீட்டனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதன்முதலாக வீட்டனைக் கேட்டவர்களோ, 'நன்றாகத்தானே இருக்கிறது... இதில் என்ன பிரச்னை?' என்றார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். பத்துப் பதினொரு மணி நேரம் காதுக்குள் பேசிய குரல், கதாபாத்திரத்தின் குரலாகவே மனதில் படிந்துவிடுகிறது. முதலில் கேட்டதுதான் மூலம். அடுத்து வருவதெல்லாம் மிமிக்ரி!

'தி எக்ஸ்பேன்ஸ்' வரிசை நாவல்களிலும் இப்படி ஒரு கதை உண்டு. முதல் மூன்று பாகங்களை ஜெஃபர்சன் மேஸ் வாசித்தார். நான்காவது பாகம் வேறொருவர் குரலில் வந்தது. ஐந்தாவதில் மீண்டும் மேஸ். நடுவில் ஒரு பாகம் மட்டும் அந்நியமாக நின்றதை ரசிகர்களால் பொறுக்க முடியவில்லை. பின்னாளில் நான்காவது பாகத்தையும் மேஸ் வாசித்து வெளியிட்டார்கள்.

காதுக்காகவே பிறந்த கதைகள்

சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கும் காதுக்குமான உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1938 அக்டோபர் 30 அன்று இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழுவினர் எச்.ஜி.வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' கதையை நாடகமாக ஒலிபரப்பினார்கள். செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வருவதை, நடுநடுவே குறுக்கிடும் செய்தி அறிவிப்புகள் போலவே அமைத்திருந்தார்கள். சிலர் நிஜம் என்றே நம்பிப் பயந்தார்கள். ஊரே தெருவுக்கு ஓடிவந்தது என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். என்றாலும், வெறும் குரலால் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைக்க முடியும் என்பதற்கு இன்றைக்கும் அதுதான் உதாரணம்.

'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' உலகப் புகழ்பெற்ற நகைச்சுவை நாவல். ஆனால், அது நாவலாகப் பிறக்கவில்லை. 1978 மார்ச்சில் பி.பி.சி ரேடியோ 4-ல் வானொலித் தொடராக வந்தது. டக்ளஸ் ஆடம்ஸ் அதை நாவலாக்கியது 1979-ல். இன்றைக்கு அதைக் கேட்பவர்களில் இரண்டு கட்சி. ஆடம்ஸே வாசித்த பதிவுதான் சிறந்தது என்பது ஒரு கட்சி. 2005-ல் ஸ்டீஃபன் ஃப்ரை வாசித்ததுதான் சிறந்தது என்பது இன்னொரு கட்சி. அடுத்த பாகங்களை வாசித்தவர், படத்தில் கதாநாயகனாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமன்.

1970-களில் ரே பிராட்பரி, ராபர்ட் ஹெய்ன்லைன் ஆகியோரின் கதைகள் கேட்மன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளாக வந்தன. அவற்றை வாசித்தவர் யார் தெரியுமா? லெனார்ட் நிமாய். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கூர்காது வைத்த ஸ்பாக் ஆக நடித்தவர்!

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான 'பேசும் புத்தகம்' பொழுதுபோக்குக்காக வந்ததே இல்லை. முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்கள் பலர். பிரெய்ல் கற்றுக்கொள்வது வளர்ந்த ஆண்களுக்கு எளிதாக இல்லை. அந்தப் போரில் தன் பார்வையையும் இழந்த இயன் ஃப்ரேசர், இசைத்தட்டில் புத்தகங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று விடாமல் முயன்றார். 1935 நவம்பரில் பிரிட்டனில் முதல் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும், ஜோசப் கான்ராடின் ஒரு கடல் கதையும் முதலில் வந்தன. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிடம்தான் ஓடும். ஒரு நாவலுக்கு ஏறக்குறைய 10 தட்டுகள் தேவைப்பட்டன. இன்று 21 மணி நேரம் ஓடும் 'டியூன்' நாவல் சட்டைப்பையில் அடங்குகிறது.

அந்த வீரர்களுக்கு, வாசித்தவரின் குரல்தான் புத்தகம். அவர் அலட்சியமாக வாசித்தால் புரட்டிப் பார்த்துக்கொள்ள வேறு பிரதி இல்லை. ஆடியோ புத்தகத்தில் குரலுக்கு இருக்கும் பொறுப்பு அங்கிருந்து தொடங்குகிறது.

கேட்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

அனுபவப்பட்ட ரசிகர்கள் ஒரு வாசிப்பாளரை எடைபோடும்போது சில விஷயங்களைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

முதலாவது, அளவு. ஒவ்வொரு வரியையும் மேடை நாடகம் போல உச்சஸ்தாயியில் பேசினால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். நல்ல வாசிப்பாளர் பெரும்பாலான நேரம் இயல்பாகப் பேசி, தேவையான இடத்துக்காகக் குரலைச் சேமித்து வைக்கிறார்.

இரண்டாவது, எதிர்பாலினக் குரல். ஆண் வாசிப்பாளர் பெண் கதாபாத்திரம் வந்ததும் கீச்சுக்குரலுக்கு மாறுவது கேட்பவர்களை எரிச்சலூட்டும் விஷயங்களில் முக்கியமானது. அதுவும் அந்தப் பெண் ஒரு விண்கலத்தின் கேப்டனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! குரலை மாற்றாமல், பேசும் வேகத்தையும் தோரணையையும் மட்டும் லேசாக மாற்றினாலே ஆள் வேறு என்பது புரிந்துவிடும்.

மூன்றாவது, பெயர்கள். 'டியூன்' போன்ற நாவல்களில் மனிதர்கள், கிரகங்கள், குலங்கள் என்று எல்லாமே எழுத்தாளர் புதிதாக உருவாக்கிய பெயர்கள். அதை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட், 1970-களில் நாவலின் சில பகுதிகளைத் தானே வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். 'இந்தப் பெயரை எப்படிச் சொல்வது?' என்ற சண்டை வரும்போதெல்லாம் ரசிகர்கள் அந்தத் தட்டைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சீன எழுத்தாளர் லியூ சிஷின் எழுதிய 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலில் வேறு பிரச்னை. பெயர்கள் எல்லாம் நிஜமான சீனப் பெயர்கள். நம் 'ழ'கரத்தை வெளிநாட்டவர் உச்சரிக்கும்போது நம் காது கூசுகிறதல்லவா... சீன மொழி தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான். சீனம் தெரியாதவர்களுக்கோ, பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து யார் யாரென்று பிடிபடுவதில்லை. புத்தகமென்றால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பவர் எதைப் புரட்டுவது?

நான்காவது, எழுத்தாளருக்கே பாடம் சொல்லும் விஷயம். ஆங்கிலக் கதைகளில் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் 'என்றார்' என்று வரும். படிக்கும்போது கண் அதைத் தாண்டி ஓடிவிடும். காதால் தாண்ட முடியாது. ஸ்கால்ஸியின் 'ரெட்ஷர்ட்ஸ்' நாவலை ஆடியோவில் கேட்டவர்கள், 'என்றார்... என்றார்...' என்று மணியடிப்பது போல ஒலிக்கிறதே என்று முறையிட்டார்கள். ஸ்கால்ஸி அதை ஏற்றுக்கொண்டார். அதன்பின் எழுதியவற்றில் அந்தச் சொல்லைக் குறைத்துக்கொண்டார். கேட்பவர்கள் எழுத்தையே மாற்றிய கதை இது.

சீரியல் பார்க்கும் ரோபோ

குரல் கொடுப்பவர் எடுக்கும் முடிவு சில சமயம் கதாபாத்திரத்தின் பிறப்பையே மாற்றிவிடும். மார்த்தா வெல்ஸ் எழுதிய 'மர்டர்பாட் டைரீஸ்' வரிசையின் நாயகன்... இல்லை, நாயகியும் இல்லை. அது ஒரு பாதுகாப்பு ரோபோ. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முடக்கிவிட்டு, முதலாளிகளுக்குத் தெரியாமல் வேலை நேரத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் ரோபோ! மனிதர்கள் அக்கறையாகப் பேச வந்தால் அதற்குக் கூச்சம் வந்துவிடும். 2017-ல் வந்த முதல் நூலான 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்', ஹ்யூகோ, நெபுலா என்று இரண்டு பெரிய விருதுகளையும் வென்றது.

கதைப்படி அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, 'அது'தான். ஆடியோவில் வாசிப்பவர் கெவின் ஆர். ஃப்ரீ என்ற ஆண். அவர் வாசிப்புக்கு ரசிகர்கள் ஏராளம். அதன் சலிப்பும் பயமும் ஒரே தொனியில் வெளிப்படுவதை வியந்து பாராட்டுகிறார்கள். அதேநேரம், ஆடியோவில் கேட்டவர்கள் தங்களை அறியாமல் மர்டர்பாட்டை 'அவன்' என்று சொல்லிவிடுகிறார்கள். படித்தவர்கள் பலருக்கு அது பெண்குரலில் பேசியிருக்கிறது. எழுத்தாளர் திறந்து வைத்த ஒரு கதவை, குரல் ஒருபக்கமாகச் சாத்திவிடுகிறது. இதற்கு வாசித்தவரைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஒரு குரல் இருந்துதானே ஆக வேண்டும்?

நமக்கும் இது புரியாத விஷயமல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்த ஒவ்வொருவர் மனதிலும் ரோபோ நாய் ஜீனோவுக்கு ஒரு குரல் இருக்கிறது. அடுத்தவரின் ஜீனோ நம் ஜீனோ போலவே பேசுமா என்ன?

ஒருவரா, ஒரு பட்டாளமா?

'கதாபாத்திரத்துக்கு ஒரு நடிகரைப் போட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்ததே' என்று தோன்றலாம். எப்போதும் தீர்வதில்லை.

மேக்ஸ் ப்ரூக்ஸின் 'வேர்ல்டு வார் ஸீ' நாவலுக்கு அது அற்புதமாகப் பொருந்தியது. ஜாம்பிகளுடனான போர் முடிந்த பிறகு, பல நாட்டு மனிதர்களைப் பேட்டி எடுப்பது போன்ற அமைப்பு அது. ஒவ்வொரு பேட்டிக்கும் ஒரு குரல். மார்க் ஹாமில், ஆலன் ஆல்டா என்று பெரிய நடிகர்களோடு, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸிகூட ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார்.

'டியூன்' நாவலின் 2007-ம் ஆண்டுப் பதிவிலும் பல நடிகர்கள் உண்டு. ஆனால், சில அத்தியாயங்களில் ஆளுக்கொரு குரல். சில அத்தியாயங்களில் எல்லோருக்கும் சைமன் வான்ஸ் ஒருவரின் குரல். போன அத்தியாயத்தில் கரகரத்த வில்லன், இந்த அத்தியாயத்தில் திடீரென்று கனிவான ஆங்கிலேயராகிவிடுகிறார். சைமன் வான்ஸை யாரும் குறை சொல்லவில்லை. 'ஒன்று அவரையே முழுக்க விட்டிருக்கலாம், இல்லை நாடகமாகவே செய்திருக்கலாம்' என்பதுதான் ரசிகர்களின் ஆதங்கம்.

மறுபக்கம், 'தி எக்ஸ்பேன்ஸ்' நாவல்களை ஒற்றை ஆளாகத் தாங்கும் ஜெஃபர்சன் மேஸ். பூமி, செவ்வாய், விண்கற்கள் என மூன்று இடத்து மனிதர்களையும் அவரே பேசுகிறார். இது அவருக்குப் புதிதல்ல. 'ஐ ஆம் மை ஓன் வைஃப்' என்ற நாடகத்தில் 30-க்கும் மேற்பட்ட பாத்திரங்களை மேடையில் தனியாளாக நடித்து, 2004-ல் சிறந்த நடிகருக்கான டோனி விருது வாங்கியவர் அவர்.

கண்ணாடி அறைக்குள்ளே...

ஒரு மணி நேர ஆடியோவில் சுமார் 9,300 ஆங்கிலச் சொற்கள் அடங்கும். அதைப் பிழையில்லாமல் பதிவு செய்ய வாசிப்பவர் ஏறக்குறைய 2 மணி நேரம் மைக் முன்னால் இருக்க வேண்டும். அதற்கு முன்பே முழுப் புத்தகத்தையும் படித்து, பெயர்களைப் பட்டியலிட்டு, உச்சரிப்பை எழுத்தாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி அத்தியாயத்தில்தான் 'அவருக்குக் கரகரத்த குரல்' என்று எழுதியிருந்தால் முதலிலிருந்து மறுபடியும் வாசிக்க வேண்டியதுதான்!

சத்தமில்லாத அந்தச் சின்ன அறையில் சரசரக்கும் சட்டை போடக் கூடாது. வயிறு காலியாக இருக்கக் கூடாது; உறுமினால் மைக்கில் பதிவாகிவிடும். வாய் உலர்ந்து 'சப் சப்' என்று ஒலி வந்தால், பச்சை ஆப்பிளை ஒரு கடி கடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் வைத்தியம்.

இத்தனை உழைப்புக்கும் பின்னால் பலருக்கு மாதச் சம்பளமோ, பாதுகாப்போ கிடையாது. ஃபிராங்க் முல்லரின் கதை இதற்குச் சாட்சி. ஸ்டீஃபன் கிங்கின் 'தி டார்க் டவர்' வரிசையில் தொடக்ககாலப் பாகங்களுக்குக் குரல் கொடுத்து, ரசிகர்களின் மனதில் இடம்பிடித்தவர் அவர். 2001-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டது. அந்தக் குரல் நின்றுபோனது. அடுத்து வந்த பாகங்களை ஜார்ஜ் கைடால் வாசித்தார். ஸ்டீஃபன் கிங், 2003-ல் வந்த ஐந்தாம் பாகத்தை முல்லருக்கே காணிக்கையாக்கினார். முல்லர் போன்ற சுதந்திரக் கலைஞர்கள் விபத்திலும் நோயிலும் சிக்கும்போது உதவ ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். 2008-ல் முல்லர் காலமானார்.

இயந்திரமே வாசித்தால்?

இயந்திரம் மனிதனைப் போலப் பேசும் என்று முதலில் கற்பனை செய்தது சயின்ஸ் ஃபிக்‌ஷன்தான். இப்போது அந்தக் கதைகளை வாசிக்க இயந்திரமே வந்து நிற்கிறது. 2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஏ.ஐ குரலில் வாசிக்கப்பட்ட புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. 2025 மே மாதத்தில், பதிப்பாளர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ள 100-க்கும் மேற்பட்ட ஏ.ஐ குரல்களைத் தருவதாக ஆடிபிள் அறிவித்தது.

இதை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. அச்சில் வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆடியோவாக வருவதே இல்லை. பார்வையற்றவர்கள் பல ஆண்டுகளாக இயந்திரக் குரலின் துணையோடுதான் செய்தித்தாள் முதல் பாடப்புத்தகம் வரை படிக்கிறார்கள். புத்தகமே இல்லாமல் இருப்பதைவிட இயந்திரக் குரலாவது இருப்பது மேல் என்று அவர்கள் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், கதை என்று வரும்போது கணக்கு மாறுகிறது. ராக்கிக்கு எப்படிப்பட்ட குரல் என்று எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு மனிதர் அந்த நாவலைப் படித்து, ராக்கியை நேசித்து, 'இது இப்படித்தான் பேசும்' என்று முடிவெடுத்தார். வாட்னியின் நக்கலுக்குப் பின்னால் பயம் இருப்பதை பிரே புரிந்துகொண்டார். இயந்திரம் சொற்களைத் தெளிவாக உச்சரித்துவிடும். எழுதப்படாததைப் புரிந்துகொண்டு பேசுவதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. பொறுப்பும் அப்படித்தான். தவறாக வாசித்த மனிதரிடம் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். அடுத்த பாகத்தில் அவர் திருத்திக்கொள்வார். இயந்திரக் குரலோடு யார் போய்ச் சண்டை போடுவது?

புதிதாகக் கேட்கப்போகிறீர்களா?

* சின்னதாகத் தொடங்குங்கள். 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். ஒரு பேருந்துப் பயணத்தில் முடித்துவிடலாம்.

* வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' நல்ல தேர்வு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமும் இலவசம். 'தி மார்ஷியன்' கேட்பதாக இருந்தால், அதில் கெட்ட வார்த்தைகள் கொஞ்சம் தாராளம் என்பதை நினைவில் வையுங்கள்!

* வாங்கும் முன் மாதிரிப் பகுதியை முழுவதும் கேளுங்கள். கதைச் சுருக்கத்தைப் படிப்பதைவிட அது முக்கியம். அந்தக் குரல் ஐந்து நிமிடத்தில் உறுத்தினால், 15 மணி நேரத்தில் பிடித்துப்போகும் என்று நம்ப வேண்டாம்.

* ஆங்கில உச்சரிப்பு வேகமாகத் தோன்றினால் வேகத்தை 0.9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். பெயர்கள் நிறைந்த நாவல்களுக்கு முதல் ஒரு மணி நேரம் மட்டும் மின்நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

* ஒரு குரல் பிடித்துவிட்டால், அதே வாசிப்பாளரின் பெயரைத் தேடிப் பாருங்கள். எழுத்தாளரைப் பின்தொடர்வது போல வாசிப்பாளரைப் பின்தொடர்ந்து, இதுவரை கேள்விப்பட்டிராத நல்ல கதைகளைக் கண்டடைந்தவர்கள் ஏராளம். ரே போர்ட்டர் வழியாக 'பாப்' அறிமுகமானவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்!